வாரம் நூறு ரூபாய், நாளுக்கு அரை மணி: மதுரைக்குப் படிக்க வந்தவர்களுக்கு

மதுரைக்குப் படிக்க வந்து, விடுதியிலோ நாலு பேர் சேர்ந்து அறை எடுத்தோ தங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். காலையில் மெஸ்ஸில் ஆறிப்போன பொங்கல், ஒன்பதுக்கு வகுப்பு, மத்தியானம் லேப், சாயங்காலம் ரெக்கார்டு நோட்டு, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ரீல்ஸ், அப்புறம் தூக்கம். மாதக் கடைசியில் பார்த்தால் கையில் காசும் இருக்காது, எதையாவது ரசித்த ஞாபகமும் இருக்காது. மூன்று வருடம் இங்கேயே படித்துவிட்டு, மதுரையில் என்ன தெரியும் என்று கேட்டால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு முழு நாள் ஓய்வாகக் கிடைக்கட்டும், கையில் ஆயிரம் ரூபாய் சேரட்டும், எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவோம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. செமஸ்டர் விடாது. தினமும் போகிற வழியிலேயே, ஏற்கெனவே கிடைக்கிற இடைவெளியிலேயே, பத்து இருபது ரூபாய்க்குள் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கு என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காசைத் தனியாகப் பிரியுங்கள்

போனில் போன மாதத்து ஜிபே கணக்கைத் திறந்து, மேலிருந்து கீழே ஒரு முறை படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: இந்தக் காசுக்கு என்ன வாங்கினேன், அது நன்றாக இருந்ததா? பாதிக்கு மேல் ஞாபகமே வராது. வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் வாங்கிய பப்ஸ், ராத்திரி சோம்பலில் ஆர்டர் செய்து டெலிவரிக் கட்டணத்தோடு வந்த ஆறிப்போன ஃபிரைடு ரைஸ், யாரோ ஒருவருடைய ட்ரீட்டில் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்த பங்கு. நான் சொல்கிற நூறு ரூபாய் இதிலிருந்துதான் வர வேண்டும், வீட்டில் கூடுதலாகக் கேட்டு அல்ல.

வாரத்துக்கு நூறு ரூபாயைப் பத்தும் இருபதுமாக நோட்டாக மாற்றி ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஸ்கேன் செய்து கொடுக்கிற காசு போவதே தெரிவதில்லை. கவரில் நாலு நோட்டுதான் மிச்சம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் கை தானாக யோசிக்கும். தள்ளுவண்டிக்காரருக்கும் சில்லறை கொடுத்தால் சந்தோஷம். முக்கியமான விதி ஒன்று உண்டு: இந்தக் கவரிலிருந்து ஜெராக்ஸுக்கோ ரீசார்ஜுக்கோ எடுக்கக் கூடாது. வாரக் கடைசியில் மிச்சமிருந்தால் அடுத்த வாரத்தோடு சேரட்டும். இரண்டு வாரம் சேர்ந்தால் அழகர்கோவிலுக்கு ஒரு நடை போய்வரலாம்.

அடுத்தது நேரம்

உங்கள் டைம்டேபிளில் ஏற்கெனவே வீணாகிற அரை மணி நேரங்களைத் தேடுங்கள். பெரும்பாலோருக்கு மூன்று இருக்கும்: மெஸ் திறக்கும் முன்னால் விடிகாலை, கல்லூரி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற சாயங்காலம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கிற மாதிரி உட்கார்ந்து படிக்காமல் இருக்கிற நேரம். ஒரு நாளைக்கு இதில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் எடுத்தால் நாலாவது நாளே சலித்துவிடும், அது போக ரெக்கார்டு நோட்டு எழுதவும் ஆள் வேண்டுமே.

பஸ் விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அரசு டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது, பெரியார் பஸ் நிலையம் போய் வர ஒரு ரூபாய் செலவில்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள், முதல் வருடத்தில் பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டில் ஆரம்பியுங்கள்

இதுதான் சுலபம், உடனே பலன் தெரியும். மதுரையில் குறைந்த காசுக்குக் கிடைக்கிற நல்ல பண்டங்களில் என் முதல் ஓட்டு பருத்திப் பாலுக்கு. பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, கொஞ்சம் அரிசி மாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சுவார்கள். விடிகாலையிலும் சாயங்காலத்திலும் தள்ளுவண்டியில் பெரிய அண்டாவோடு நிற்கும். அடியில் நெருப்பு கனன்றுகொண்டே இருப்பதால் எப்போது கேட்டாலும் சுடச்சுடத்தான் ஊற்றுவார். மேலே தேங்காய்த் துருவல் ஒரு சிட்டிகை விழும். முதல் வாய் இனிப்பு, இரண்டாவது வாயில் சுக்கு தொண்டையில் ஏறும், அடியில் தங்கிய தேங்காயை விரலால் எடுக்கலாமா என்று யோசிப்பீர்கள், எடுக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு டம்ளர் குடித்தால் வயிறு திம்மென்று இருக்கும். காலை ஏழு மணிக்குக் குடித்துவிட்டு மெஸ் பொங்கலைத் தவறவிட்டால்கூட நஷ்டமில்லை.

இரண்டாவது பட்டர் பன். டீக்கடைகளில் பன்னைக் கீறி, கல்லில் வெண்ணெய் விட்டுச் சர்க்கரையோடு வாட்டிக் கொடுப்பார்கள். டீயில் தொட்டுச் சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிட்டால் திகட்டும், இரண்டு பேர் ஒன்று வாங்கிப் பாதி பாதி வைத்துக்கொள்வதுதான் சரியான அளவு, காசும் பாதி. மூன்றாவது, சாயங்காலக் கடைகளில் கிடைக்கிற முள்ளு முருங்கை வடை. பச்சை நிறத்தில் பூரி மாதிரி உப்பி வரும், மேலே பொடி தூவித் தருவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது புதுசாக இருக்கும்.

ஜிகர்தண்டாவை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். பால், கடல்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்தது, நல்லதுதான், ஆனால் தினசரிக் கணக்கில் வராது. அதை ட்ரீட்டுக்கு வையுங்கள். உங்கள் செட்டில் பிறந்தநாள் என்றால் கேக் வாங்கி முகத்தில் பூசுகிற பழக்கம் இருக்கும், அந்தக் கேக்கின் காசில் ஆறு பேர் விளக்குத்தூண் பக்கம் போய் ஆளுக்கொரு சின்ன கிளாஸ் குடித்துவிட்டு நடந்தே திரும்பலாம். சொல்லிப் பாருங்கள், முதலில் கிண்டல் செய்வார்கள், அப்புறம் வழக்கமாகிவிடும்.

அப்புறம், தெருவில் வருகிற பருவப் பண்டங்களைத் தவறவிடாதீர்கள். தை மாதம் பனங்கிழங்கு, வெயில் ஏறினால் நுங்கு, ஆடி வாக்கில் நாவல்பழம், புரட்டாசி ஐப்பசியில் சீத்தாப்பழம். கூடையில் வைத்து விற்கிற அம்மாக்களிடம் வாங்கினால் ஒன்று இரண்டு கூடவே போடுவார்கள். விடுதி மெஸ்ஸில் வருடம் முழுக்க ஒரே வாழைப்பழம்தான்.

பூ வாங்குங்கள், பையன்களும்தான்

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதனால் மணம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. கோடையில் வரத்து அதிகம், விலை இறங்கும்; மார்கழி, தை மாதங்களிலும் முகூர்த்த நாள்களிலும் பக்கத்தில் போக முடியாது. வரத்து இருக்கிற காலத்தில் சாயங்காலம் கட்டாத உதிரி மொட்டு கொஞ்சம் வாங்கி, ஒரு தட்டில் பரப்பி மேசைமேல் வைத்துவிடுங்கள். வாங்கும்போது இறுக மூடிய பச்சை வெள்ளை மொட்டாக இருக்கும். எட்டு ஒன்பது மணிக்குள் ஒவ்வொன்றாக விரிந்து, நாலு பேர் தங்கியிருக்கிற அறையின் சாக்ஸ் வாடையையே ஜெயித்துவிடும். பத்து ரூபாய்க்கு இதைவிடப் பெரிய வேலையை வேறு எதுவும் செய்யாது.

போன் இல்லாமல் ஒரு மணி நேரம்

மீனாட்சி அம்மன் கோவிலைச் சாமி கும்பிடுகிற இடமாக மட்டும் நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். கோவிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காகத் தெருக்கள். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பழைய ஊருக்குள் வழி தவறவே தவறாது. சித்திரை வீதி நான்கிலும் வண்டி கிடையாது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் போய் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பகல் முழுக்க வெயில் வாங்கிய கல்தளம் இன்னும் சூடாக இருக்கும், கோபுரத்தில் கிளி கத்தும், பாதிக் கூட்டம் வெளியூர்க்காரர்கள், மீதிக் கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்க வந்த உள்ளூர்க் குடும்பங்கள். அவர்களோடு நீங்களும் சும்மா உட்காரலாம். செலவு ஒன்றுமில்லை.

உள்ளே போவதென்றால் செல்போனை வெளியே ஒப்படைத்துவிட வேண்டும், 2018-ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு இதில் ரொம்பக் கண்டிப்பு. லேப்டாப் பையோடு போகாதீர்கள், அரைக்கால் சட்டையோடும் விட மாட்டார்கள். போனைக் கொடுத்துவிட்டு வருகிறபோது முதல் ஐந்து நிமிடம் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருக்கும். பொற்றாமரைக் குளப் படிக்கட்டில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். பொது தரிசனத்துக்குக் கட்டணம் இல்லை, கூட்டமாக இருந்தால் சன்னதிக்குப் போகாமல் குளக்கரையோடு திரும்பினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூஜை. சுந்தரேசுவரரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு மீனாட்சி சன்னதிக்குக் கொண்டுபோவார்கள், தினமும். நவராத்திரி என்றால் கொலுவும் கச்சேரியும் சேர்ந்துகொள்ளும்.

விடுதிக் கேட் ஆறரைக்குப் பூட்டுகிறவர்களுக்கு

மதுரையைத் தூங்கா நகரம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் யாரும் பெண்கள் விடுதியில் தங்கியதில்லை என்று நினைக்கிறேன். ராத்திரி பரோட்டா, சால்னா, நடுராத்திரி இட்லி எல்லாம் உங்களுக்குக் கிடையாது, சரி. உங்களுக்கு விடிகாலை இருக்கிறது, அது இரவைவிட மோசமில்லை. ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் இரண்டு பேராகக் கிளம்பினால் பருத்திப் பால், காலை வெளிச்சத்தில் சித்திரை வீதி, பூக்காரம்மா கட்டுகிற முதல் சரம் என்று எல்லாம் எட்டு மணிக்குள் முடித்துத் திரும்பிவிடலாம். கேட் நேரத்தை அரை மணி தள்ளிவைக்கச் சொல்லி வார்டனிடம் ஒரு மனு கொடுங்கள், அதுவும் இலவசம்தான்.

படிப்போடு ஒட்டிக்கொள்கிறது

புது நத்தம் சாலையில் பறக்கும் பாலத்தை ஒட்டிக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்தது, ஏசி, உள்ளே போகக் கட்டணம் இல்லை. மே மாதத்து அறையில் மின்விசிறி அனல் காற்றை அடிக்கும்போது அங்கே போய்ப் படிப்பதே ஒரு சுகம். ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: பாடப் புத்தகத்தை மூடியதும் கிளம்பாமல், சிலபஸில் இல்லாத ஏதாவது ஒன்றை எடுத்து இருபது நிமிடம் புரட்டிவிட்டு வரணும். சமையல் புத்தகமானாலும் சரி, பறவைப் படங்களானாலும் சரி. நாவல் எடுத்தால் பக்க எண்ணைக் குறித்துவைத்து அடுத்த முறை தொடரலாம்.

புத்தகம் வாங்குகிற ஆசை வந்தால் தமுக்கம் மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கிற புத்தகத் திருவிழா வரை பொறுத்திருங்கள், வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு உண்டு. முதல் நாள் சும்மா சுற்றிப் பட்டியல் போட்டுவிட்டு, வேறொரு நாள் போய் ஒன்றே ஒன்று வாங்குங்கள். சாயங்காலப் பட்டிமன்றத்துக்கு உட்கார இடம் பிடிக்கிறதுதான் கஷ்டம்.

தமுக்கத்துக்குப் பக்கத்திலேயே காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் இருக்கிறது, 1959-ல் நேரு திறந்துவைத்தார், அனுமதி இலவசம், மதிய இடைவேளை உண்டு என்பதால் நேரம் பார்த்துப் போங்கள். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி உள்ளே இருக்கிறது. அவர் சட்டையை விட்டு வேட்டிக்கு மாறியதும் இதே ஊரில்தான், 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில். அந்த வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. பெரியார் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், துணி வாங்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள், நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

இது மட்டும் அரை மணிக் கணக்கில் அடங்காது, காலை ஐந்தரையிலிருந்து பத்து வரை வேண்டும். கீழக்குயில்குடி சமணர் மலை. ஊருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸிலேயே போகலாம். அடிவாரத்தில் அய்யனார் கோவில், பெரிய ஆலமரங்கள், தாமரைக் குளம். படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால் பாறையில் வரிசையாகச் சமண குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள், ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டவை. படிக்கத் தெரியாவிட்டாலும் உட்கார்ந்து எழுத்தின் வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேலிருந்து ஒரு பக்கம் நாகமலை நீண்டுகிடக்கும், இன்னொரு பக்கம் ஊர்.

ஒன்பது மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும், அதற்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் பாட்டில், மெஸ்ஸில் கேட்டு வாங்கிய நாலு இட்லி, வீட்டிலிருந்து வந்த பொடி, இவ்வளவு போதும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பசுமை நடை என்ற அமைப்பு பல ஆண்டுகளாக இந்தக் குன்றுகளுக்குக் கூட்டமாக நடை கூட்டிப்போகிறது, எப்போது என்று விசாரித்துச் சேர்ந்துகொள்ளலாம். பாறையில் பெயர் கிறுக்குகிற நண்பன் யாராவது இருந்தால் அவனை மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

அழகர்கோவிலும் இதே கணக்குதான், ஆனால் அங்கே போவதற்கு மலை ஒரு காரணம், தோசை இன்னொரு காரணம். உளுந்து, மிளகு போட்டு நெய்யில் சுட்ட கெட்டித் தோசை, பிரசாதமாக விற்பார்கள். ஒன்றை மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், யாரோடாவது நிறையப் பேச வேண்டியிருக்கிற சாயங்காலத்துக்கு. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது, தன் அரண்மனையான மகாலுக்குச் செங்கல் சுட மண் எடுத்த பள்ளம் என்பார்கள். தண்ணீர் இருந்தால் ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கும். தைப்பூசத்துக்குத் தெப்பத் திருவிழா.

ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது

மாதிரிக்குச் சொல்கிறேன், அப்படியே செய்ய வேண்டியதில்லை. செவ்வாய் காலை பருத்திப் பால். புதன் கல்லூரி விட்டதும் இரண்டு பேருக்கு ஒரு பட்டர் பன், ஆளுக்கொரு டீ. வெள்ளி சாயங்காலம் உதிரி மல்லி பத்து ரூபாய்க்கு. சனிக்கிழமை நூலகம், திரும்பும்போது சித்திரை வீதியில் ஒரு சுற்று, பசித்தால் ஒரு முள்ளு முருங்கை வடை. கடைக்குக் கடை விலை மாறும், ஆனாலும் நூறைத் தாண்டாது. மற்ற நாள்களில் ஒன்றும் செய்ய வேண்டாம். தினமும் ஏதாவது சந்தோஷமாகச் செய்தே தீர வேண்டும் என்று பட்டியல் போட்டால் அது இன்னொரு அசைன்மென்ட் ஆகிவிடும்.

மனசு ரொம்ப நாளாகவே எதிலும் ஒட்டவில்லை, தூக்கம் வரவில்லை, பிடித்த சாப்பாடும் பிடிக்கவில்லை என்றால் அது பட்டர் பன்னில் தீருகிற விஷயம் இல்லை. டெலி மானஸ் என்று ஓர் அரசு இலவச உதவி எண் இருக்கிறது, 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சித்திரைத் திருவிழா தேதியைக் குறித்துவையுங்கள்

ஏப்ரல் மே மாதத்தில் வரும், அதாவது சரியாக உங்கள் தேர்வு நேரத்தில். மீனாட்சி பட்டாபிஷேகம், திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று நாள்கணக்கில் நீளும், எல்லாவற்றுக்கும் போக முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் எதிர்சேவை. ஆற்றில் இறங்குகிற விடிகாலையில் வைகைக் கரையில் கூட்டம் நெரிக்கும், உயரம் குறைந்தவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தரிசனம். முந்தின நாள் அழகர் ஊருக்குள் வருகிற எதிர்சேவையில் சாலையோரம் நின்று நிதானமாகப் பார்க்கலாம், தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் உங்களையும் நனைப்பார்கள், போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். வழி நெடுகப் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சில இடங்களில் சாப்பாடும் கொடுப்பார்கள், அன்றைக்குக் கவரைத் திறக்கவே வேண்டாம்.

தேர்வு அட்டவணை வந்த அன்றே திருவிழாத் தேதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். தேர்வுகளுக்கு அது பொருந்தாது என்பதையும் அதே அறிவிப்பில் சேர்த்தே போட்டிருப்பார்கள், அந்தக் கடைசி வரியையும் படித்துவிடுங்கள்.